நார்விக் நாட்குறிப்பு: ஒரு மிதவை விமானமும் ஒரு நீர்மூழ்கியும்

ஏப்ரல் 10, வியாழன் – கிருணாவிலிருந்து நார்விக்

ஸ்டாக்ஹோமில் கிளம்பி வட நார்வேயின் நார்விக்குக்குப் போகும் இரவு ரயில், ஸ்வீடனின் கிருணாவோடு நின்றுபோனது. மேலே எங்கோ தண்டவாளத்தில் கோளாறாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல ஆளில்லை. மைனஸ் ஆறு டிகிரியில் முக்கால் மணி நேரம் வெளியில் நின்ற பிறகு மாற்றுப் பேருந்து வந்தது. நம்மூராக இருந்தால் இந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டர் அறை முன்னால் கூட்டம் கூடியிருக்கும். இங்கே யாரும் குரலை உயர்த்தவில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெர்மாஸைத் திறந்து காபி குடித்தார்கள். நார்வேக்காரப் பாட்டி ஒருவர் ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினார். ஈஸ்டர் விடுமுறை தொடங்கப்போகிறது. பையில் ஆரஞ்சும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் இல்லாமல் இந்த ஊர்க்காரர்கள் மலைக்குப் போகமாட்டார்கள்.

ரயில் போனதில் நஷ்டம் நேரம் மட்டுமல்ல. எல்லையைத் தாண்டி நார்விக் இறங்கும் 43 கிலோமீட்டர் தூரமும் ரயில் ரொம்பாக்ஸ் ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்) தென்கரை மலையை ஒட்டியே வருகிறது. வலது பக்கம் உட்கார்ந்தால் கடல் முழுக்கக் கீழே தெரியும். பேருந்து வரும் சாலையில் அது கிடைக்காது. அதைத் தனியாக ஒரு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சின்ன ஊருக்காக 1940-ல் ஐந்து நாட்டுப் படைகள் ஏன் அடித்துக்கொண்டன என்பதற்குத் துறைமுகமே பதில். ஸ்வீடனின் இரும்புத் தாது ரயிலில் இங்கே வந்து கப்பல் ஏறுகிறது. பால்டிக் கடலின் வடபகுதி உறைந்து கிடக்கும் மாதங்களிலும் இங்கே தண்ணீர் உறைவதில்லை. ஏப்ரல் 9 அன்று பத்து ஜெர்மன் நாசகாரிக் கப்பல்கள் சுமார் 2,000 மலைப்படை வீரர்களை இறக்கிவிட்டன. மறுநாள், அதாவது இதே ஏப்ரல் 10 விடியலில், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது கேப்டன் வார்பர்டன்-லீ ஐந்து பிரிட்டிஷ் நாசகாரிகளோடு உள்ளே நுழைந்து இரண்டை மூழ்கடித்தார். தன் பக்கமும் இரண்டைப் பறிகொடுத்து அவரும் இறந்துபோனார். அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ். மிச்சம் எட்டு ஜெர்மன் கப்பல்கள், எண்ணெயும் குண்டும் குறைந்த நிலையில், வெளியே போக வழியில்லாமல் ஃபியோர்டுக்குள் மாட்டிக்கொண்டன. இந்தப் பயணம் தேடிப்போகும் கதை, ஒரு பிரிட்டிஷ் மிதவை விமானம் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்த கதை, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ராத்திரிச் சாப்பாடு மீன் சூப், 235 குரோனர். ஒரு குரோனர் ஏறக்குறைய எட்டு ரூபாய், கணக்குப் போட்டால் தொண்டையில் இறங்காது. ஆனால் சூப் சூப்தான்: பாலாடை, லீக், பெரிய பெரிய காட் மீன் துண்டு, கூடவே வெண்ணெயும் ரொட்டியும். மிளகு கேட்டால் சிரித்துக்கொண்டே மிளகு அரைக்கும் குடுவையையே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி – நார்விக், மழையும் பனியும்

பாதி மழை, பாதி பனி. நடைபாதையில் மேலே சகதி, அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். செருப்புக்கடைக்குப் போய் ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டை வாங்கினால்தான் நடக்க முடியும், 299 குரோனர். ஏப்ரலில் வருகிறவர்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.

போர் அருங்காட்சியகம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. கடற்போர், மலைச்சண்டை, பிறகு வந்த ஐந்து வருட ஆக்கிரமிப்பு எல்லாம் விரிவாகவே உண்டு. ஆனால் நீர்மூழ்கி வேட்டையைப் புரிந்துகொள்ள அருங்காட்சியகத்தைவிட விமானத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அதிகம் உதவும்.

ஏப்ரல் 13 அன்று வார்ஸ்பைட் என்ற போர்க்கப்பலும் ஒன்பது நாசகாரிகளும் ஃபியோர்டுக்குள் வந்தன. வார்ஸ்பைட்டின் நடுத்தளத்தில் குறுக்காக ஒரு கவண். கார்டைட் என்ற வெடிமருந்தை வெடிக்கவைத்து விமானத்தை அது பக்கவாட்டில் எறியும். எறியப்பட்டது ஃபேரி ஸ்வார்ட்ஃபிஷ்: இரட்டை இறக்கை, எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி, மூடாத இருக்கைகள், 690 குதிரைத்திறன் பெகாசஸ் எஞ்சின். சக்கரம் வைத்த ஸ்வார்ட்ஃபிஷ்ஷே மணிக்கு 222 கிலோமீட்டருக்கு மேல் போகாது. இதில் சக்கரத்துக்குப் பதில் இரண்டு பெரிய மிதவைகள். அந்தப் பாரமும் காற்றுத்தடையும் சேர்ந்து வேகத்தை இன்னும் குறைத்துவிடும்.

உள்ளே மூன்று பேர். முன்னால் விமானி, பெட்டி ஆபீஸர் எஃப். சி. ரைஸ். நடுவில் வேவு அதிகாரி, லெப்டினன்ட் கமாண்டர் டபிள்யூ. எல். எம். பிரவுன். கடைசியில் வயர்லெஸ்ஸும் துப்பாக்கியும் பார்த்துக்கொள்ளும் லீடிங் ஏர்மேன் எம். ஜி. பேஸி. ஓட்டுகிறவர் ரைஸ், ஆனால் விமானத்தின் தலைவர் பிரவுன். பிரிட்டிஷ் கடற்படையில் அப்படித்தான். வரைபடம், திசைக் கணக்கு, கப்பலுக்கு என்ன செய்தி அனுப்புவது என்பதெல்லாம் நடு இருக்கைக்காரர் முடிவு. அந்த நாளுக்காக பிரவுனுக்குக் கிடைத்தது டி.எஸ்.சி., ரைஸுக்கு டி.எஸ்.எம். இரண்டும் பிரிட்டிஷ் கடற்படையின் வீரப் பதக்கங்கள்; அப்போது முன்னது அதிகாரிகளுக்கு, பின்னது அதிகாரி அல்லாதவர்களுக்கு. ஒரே விமானம், ஒரே டைவ், இரண்டு வகுப்பு பதக்கம். குண்டைப் போட்டவரின் பதக்கம் ஒரு படி கீழே இருப்பது இன்று படிக்கையில் உறுத்தத்தான் செய்கிறது.

திரும்பி வந்து ஏறுவது கிளம்புவதைவிடக் கஷ்டம். கப்பல் வளைந்து திரும்பி, தன் பக்கவாட்டில் அலையடங்கிய ஒரு பட்டையை உண்டாக்கும். விமானம் அதில் இறங்கி, கிரேனுக்குக் கீழே ஊர்ந்து வரவேண்டும். பின்னாலிருந்து ஒருவர் மேல் இறக்கைக்கு ஏறி, ஆடும் கொக்கியைப் பிடித்து மாட்டவேண்டும், தலைக்கு நேர் முன்னால் புரொபெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே. ஒரு வருடம் கழித்து கிரீஸ் அருகே நடந்த மட்டபான் கடற்போரில், 1941 மார்ச்சில், இதே ரைஸ் இதே வார்ஸ்பைட்டுக்கு, கப்பல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானத்தைக் கொண்டுவந்து மாட்டவைத்தார். குண்டு போட்டதைவிட அதுதான் அவருடைய கைத்திறனுக்குச் சரியான சான்று.

மதியம் பெட்ரோல் பங்கில் லொம்பெ சுற்றிய சாசேஜ், 49 குரோனர். லொம்பெ என்பது உருளைக்கிழங்குச் சப்பாத்தி. வறுத்த வெங்காயத்தை நிறையப் போடச் சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை.

ஏப்ரல் 12, சனி – நார்விக் மலை

காலையில் கேபிள் கார் ஓடவில்லை. மேலே காற்று அதிகம். பத்து மணிக்கு, பிறகு பதினொன்றுக்கு, பிறகு பன்னிரண்டுக்கு என்று பலகையில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். வரிசையில் முந்துகிறவர் யாருமில்லை. ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு நிற்பது இங்கே பழக்கம். அந்த இடைவெளியில் போய் நின்றால் பின்னாலிருப்பவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு பார்வை பார்ப்பார், அதுவே போதும்.

ஒரு மணிக்கு மலைமேல் உள்ள நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, உயரம் 656 மீட்டர். மேகம் விலகியதும் இந்த ஊரின் போர்க் கதை முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிகிறது. மேற்கே அகலமான ஓஃபோட் ஃபியோர்டு, வார்ஸ்பைட் வந்த வழி. கிழக்கே உள்ளே போகப் போகக் குறுகும் ரொம்பாக்ஸ் ஃபியோர்டு. வடக்கே கடைசியில் பியர்க்விக் கிராமத்தோடு முடிந்துபோகும் ஹெர்யாங்ஸ் ஃபியோர்டு. கடலிலிருந்து பார்த்தால் ஒரு கிளையில் இருப்பது இன்னொரு கிளையிலிருந்து தெரியாது. ஒவ்வொரு முனைக்குப் பின்னாலும் ஒரு கப்பல் டார்பீடோவோடு ஒளிந்திருக்கலாம். 15 அங்குல பீரங்கி வைத்த வார்ஸ்பைட் மாதிரிப் பெரிய கப்பலுக்கு, திரும்பக்கூட இடமில்லாத இந்தச் சந்துக்குள் வருவது பெரிய ஆபத்து. அதனால்தான் விமானத்தை முன்னால் அனுப்பினார்கள்.

அன்று மேகம் மலைச்சரிவில் தாழ்ந்து கிடந்தது. மேலே மேகம், கீழே தண்ணீர், இரண்டு பக்கமும் பாறை. ரைஸ் ஓட்டியது ஒரு குகைக்குள் ஓட்டுவது போலத்தான். நேரே உள்ளே போய் ஜெர்மன் நாசகாரிகள் இருக்குமிடத்தை அறிவித்துவிட்டு, வடக்கே ஹெர்யாங்ஸ் ஃபியோர்டுக்குள் திரும்பினார்கள். கோடியில், நங்கூரம் போட்டபடி, தண்ணீர்மேல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி (யு-படகு என்பார்கள்). யு-64.

ரைஸ் டைவ் அடித்தார். சில நூறு அடி உயரம் வரைக்கும் இறங்கி குண்டுகளை விட்டார். நீர்மூழ்கியின் விமான எதிர்ப்புத் துப்பாக்கி சுட்டதில் ஸ்வார்ட்ஃபிஷ்ஷின் வால் பகுதி சேதமானது, ஆனாலும் பறந்தது. குண்டு பட்ட யு-64 சிறிது நேரத்தில் மூழ்கிவிட்டது.

இதைக் கேட்டால் அந்தக் குண்டு ஏதோ பிரமாதமானது என்று தோன்றும். இல்லவே இல்லை. போரின் முதல் வருடத்தில் பிரிட்டனின் நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டு அவர்களுக்கே ஆபத்தாக இருந்தது. 1939 செப்டம்பர் 14 அன்று ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய இரண்டு ஸ்குவா விமானங்கள் யு-30 மேல் தாழப் பறந்து குண்டு போட்டு, தங்கள் குண்டின் வெடிப்பிலேயே கடலில் விழுந்தன. பிழைத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனது அதே யு-30. அந்த டிசம்பரில் ஒரு பிரிட்டிஷ் விமானம் தவறுதலாகத் தன் நாட்டு நீர்மூழ்கியான ஸ்னாப்பர் மேலேயே 100 பவுண்டு குண்டைச் சரியாகப் போட்டது. சேதம்: உள்ளே நான்கு மின்விளக்குகள் உடைந்தன. இந்த ரகக் குண்டு உடலோடு ஒட்டி வெடித்தாலே பெரிய பயனில்லை, பத்தடி தள்ளி வெடித்தால் சுத்தமாகப் பயனில்லை.

அப்படியானால் யு-64 ஏன் மூழ்கியது? மேலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். நங்கூரத்தில் நிற்கும் நீர்மூழ்கி உடனே மூழ்க முடியாது. சங்கிலியை விடவேண்டும், மேல்தளத்தில் இருப்பவர்கள் உள்ளே இறங்கி மூடியை அடைக்கவேண்டும், சுக்கான்கள் வேலை செய்ய முன்னோக்கி ஓட்டமும் வேண்டும். இந்த IXB ரகம் 76.5 மீட்டர் நீளம், மூழ்குவதில் கொஞ்சம் மந்தம். கரையோரத் தண்ணீரில் ஆழத்துக்குத் தப்பி ஓடவும் இடமில்லை. நடுக்கடலில் விமானம் வருவதைப் பார்த்து அரை நிமிடத்தில் மறைந்துவிடும் நீர்மூழ்கி, இங்கே அசையாத இலக்காக நின்றது. நேரடி அடி கிடைக்காமல் பயனில்லாத குண்டுக்கு, நேரடி அடி கிடைக்கக்கூடிய ஒரே சூழ்நிலை அது. ரைஸின் துணிச்சலைக் குறைக்கவில்லை. ஆனால் இடம்தான் பாதி வேலையைச் செய்தது.

நீர்மூழ்கியை முடித்த பிறகும் அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. பிரவுன் கொடுத்த முக்கியமான செய்தி பிறகுதான் வந்தது: யூப்விக் வளைகுடாவில் எரிக் கோல்னர் என்ற நாசகாரி, வருகிற கப்பல்களின் விலாவில் டார்பீடோ விடப் பதுங்கியிருக்கிறது. எச்சரிக்கை கிடைத்த பிரிட்டிஷ் நாசகாரிகள் முனையைத் தாண்டும்போதே பீரங்கியையும் டார்பீடோக் குழாய்களையும் அந்தப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு வந்தன, கோல்னர் தப்பவில்லை. அன்று எட்டு ஜெர்மன் நாசகாரிகளும் அழிந்தன. ஒரு நீர்மூழ்கியைக் கொன்றதைவிட அந்த வயர்லெஸ் செய்திகள்தான் போரின் போக்கைத் தீர்மானித்தன. படைத்தலைவர் அட்மிரல் விட்வர்த்தும் அறிக்கையில் அந்த விமானத்தைத்தான் தனியாகப் பாராட்டினார்.

மலைமேல் கடையில் வாஃபல், 65 குரோனர், மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி. கேரமல் வாசனை, பாதி இனிப்பு பாதி உப்பு. முதல் வாய்க்குப் பிடிக்காது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துவிடும்.

ஏப்ரல் 13, ஞாயிறு – பியர்க்விக்

குருத்து ஞாயிறு. கடைகள் எல்லாம் பூட்டு. முந்தின நாளே ரொட்டி வாங்கி வைக்காதவர்களுக்கு பெட்ரோல் பங்குதான் கதி. பேருந்தும் ஞாயிறு அட்டவணை, போக ஒன்று, திரும்ப ஒன்று என்ற அளவுக்குத்தான். ஓட்டுநரிடம் பியர்க்விக் கரையோரம் நிறுத்தம் எது என்று கேட்டால், இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் நேராகத் தண்ணீர் தெரியும் இடத்தில் நிறுத்தி, "திரும்பும் பேருந்து நாலு மணிக்கு, எதிர்ப்பக்கம்" என்று விரலால் காட்டிவிட்டுப் போனார். இருபது இருக்கை காலியாக இருந்தும் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராத ஊரில், இப்படி ஒரு அக்கறை எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை.

வழியில் ஹாலொகலாண்ட் பாலம். 2018-ல் திறந்தது, 1,533 மீட்டர் நீளம், தூண்களுக்கு நடுவே 1,145 மீட்டர். ரொம்பாக்ஸ் ஃபியோர்டைச் சுற்றிப்போன 18 கிலோமீட்டரை இது மிச்சப்படுத்துகிறது. பாலத்தின் நடுவில் போகும்போது இடது பக்கம் பார்த்தால், வார்ஸ்பைட் வந்து நின்ற அகலத் தண்ணீர் முழுக்கத் தெரியும்.

பியர்க்விக்கில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, அதற்குக் காரணமும் போர்தான். மே 13 அன்று பிரெஞ்சு வெளிநாட்டுப் படை இங்கே கரையிறங்குவதற்கு முன் கடலிலிருந்து அடித்த அடியில் கிராமம் எரிந்துபோனது, பொதுமக்கள் செத்தார்கள். இப்போது இருப்பவை பிறகு கட்டிய வீடுகள். கரை முழுக்கக் கூழாங்கல்லும் ஈரப்பனியும். காற்று முகத்தில் அறைகிறது. வெயில் வந்தால் ஐந்து டிகிரி, மறைந்தால் பூஜ்யம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டும் மாறுகிறது.

யு-64 கப்பற்படையில் சேர்ந்தது 1939 டிசம்பர் 16. தலைவர் கியார்க்-வில்ஹெல்ம் ஷுல்ஸ். 1940 ஏப்ரல் 6 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலிருந்து கிளம்பிய முதல் ரோந்திலேயே, ஒரு வாரத்தில் முடிந்துபோனது. எட்டுப் பேர் இறந்தார்கள், 38 பேர் பிழைத்தார்கள். ஏப்ரல் மாதத் தண்ணீரில் சில நிமிடம்தான் கை கால் ஓடும். பிழைத்ததற்குக் காரணம் கரை பக்கத்தில் இருந்ததும், கரையிலிருந்த ஜெர்மன் மலைப்படையினர் இழுத்துக் கரையேற்றியதும். மலைப்படையின் சின்னம் ஏடல்வைஸ் பூ. ஷுல்ஸ் அடுத்து ஏற்ற யு-124-ன் கோபுரத்தில், நன்றிக்காக அந்தப் பூவை வரைந்தார்கள். அந்தப் படகு பிறகு அட்லாண்டிக்கில் நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தது. இந்தக் கரையில் காப்பாற்றப்பட்ட அனுபவசாலி மாலுமிகள் என்ன செய்தார்கள் என்பதற்கு இது ஒரு கணக்கு.

விமானம் மூழ்கடித்த முதல் யு-படகு இது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஒரு திருத்தம் வேண்டும். 1940 மார்ச் 11 அன்றே பிரிட்டிஷ் விமானப்படையின் பிளென்ஹைம் ஒன்று யு-31-ஐ மூழ்கடித்துவிட்டது. ஆனால் ஜெர்மானியர் அதைத் தூக்கிப் பழுதுபார்த்து மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். ஆக, கடற்படை விமானம் மூழ்கடித்த முதல் யு-படகு யு-64 என்று சொன்னால் சரி. யு-64-ஐயும் தூக்கினார்கள், 1957-ல், இரும்புக்கடைக்கு. அதனால் முக்குளிப்பவர்கள் இங்கே தேடவேண்டாம். உடைந்த நாசகாரிகள் நார்விக் துறைமுகத்தில் கிடக்கின்றன.

நாலு மணிப் பேருந்து நாலு இருபதுக்கு வந்தது. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார், ஏறின ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக.

ஏப்ரல் 14, திங்கள் – ரிக்ஸ்கிரான்சன் வரை ரயில்

தண்டவாளம் சரியாகிவிட்டது. எல்லை வரை போய்த் திரும்பினால் போதும்; போகும்போது இடது ஜன்னல். ரொம்பாக்ஸ் ஃபியோர்டில் கியார்க் தீலெயின் முன்பகுதி இன்னும் தண்ணீருக்கு மேல் துருப்பிடித்து நிற்கிறது. ஏப்ரல் 13 அன்று எஸ்கிமோ என்ற பிரிட்டிஷ் நாசகாரியின் மூக்கை டார்பீடோவால் பிய்த்தெறிந்துவிட்டுக் கரைமோதிய கப்பல் அது. ரயில் அங்கே நிற்காது. சில விநாடிதான், கேமராவை முன்னாலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே தாது ரயில் வந்தால் 68 வண்டியும் போய் முடியும்வரை ஒன்றும் தெரியாது. இன்றும் அப்படித்தான் ஆனது, திரும்பும்போதுதான் கிடைத்தது.

ரைஸுக்குப் பிறகு ஸ்வார்ட்ஃபிஷ் நீர்மூழ்கி வேட்டையில் பெயர் வாங்கியது ஆயுதம் மாறியதால். குண்டு போய், குறித்த ஆழத்தில் தண்ணீருக்கடியில் வெடிக்கும் டெப்த் சார்ஜ் வந்தது. முதலில் அதை 100 அடி ஆழத்தில் வெடிக்குமாறு வைத்திருந்தார்கள். நீர்மூழ்கி அந்த ஆழம் போவதற்குள் பக்கவாட்டில் எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. விமானத்தால் அடிக்க முடிந்தவை எல்லாம் மேற்பரப்பிலோ, இப்போதுதான் மூழ்கியவையோ. ஆகவே 25 அடிக்கு மாற்றவேண்டும் என்று கணக்கு போட்டுச் சொன்னவர் இயற்பியலாளர் ஈ. ஜே. வில்லியம்ஸ். கூடவே ரேடார் வந்தது: 1941 டிசம்பர் 21 இரவு, மொராக்கோவின் டாஞ்சியர் அருகே 812-ஆம் ஸ்குவாட்ரன் ஸ்வார்ட்ஃபிஷ் யு-451-ஐ மூழ்கடித்தது, இரவில் விமானம் மூழ்கடித்த முதல் யு-படகு. பிறகு ராக்கெட். வெடிமருந்தே இல்லாத 25 பவுண்டு எஃகுத் தலை, உடலைத் துளைத்தால் போதும், நீர்மூழ்கியால் இனி மூழ்கமுடியாது. 1943 மே 23 அன்று ஆர்ச்சர் விமானந்தாங்கிக் கப்பலின் ஸ்வார்ட்ஃபிஷ் யு-752-ஐ அப்படித்தான் முடித்தது. ராக்கெட் நெருப்பு துணியைப் பொசுக்காமலிருக்கக் கீழ் இறக்கைக்கு உலோகத் தகடு போட்டார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய் – ஏவ்னெஸ்

விமான நிலையம் பேருந்தில் ஒரு மணி நேரம். இதே ஓடுபாதையில்தான் நார்வேயின் ஐந்து பி-8ஏ பொசைடன் விமானங்கள் இருக்கின்றன, வடக்குக் கடல்களில் நீர்மூழ்கி தேடுபவை. அந்தப் பக்கம் படமெடுக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது, மதிக்கவும். நம் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து 2013 முதல் பறக்கும் பி-8ஐ இதன் உடன்பிறப்பு. வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பு இந்தியாவினுடையதில் உண்டு, இங்கே இல்லை. நீர்மூழ்கியின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சின்ன மாற்றத்தைப் பிடிக்கும் கருவி அது. தாழப் பறந்தால்தான் அதனால் பயன். பி-8ஏ உயரத்திலிருந்தே, தண்ணீருக்கடியில் ஒலியைக் கேட்கும் ஒலிமிதவைகளைப் போட்டு வேலையை முடிக்கப் பார்க்கிறது.

நிலையத்தில் காபி 52 குரோனர். இரண்டாவது கோப்பை பாதி விலை, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.